குச்சி விழுந்த இடம்

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்: பன்முகக் கலைஞர். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். காரைக்காலில் டிரம்ஸ் வாசிக்கிற ஒருத்தி ஒரே முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஜாஸுக்கு வருவதற்கு முன்னால் பதினான்கு வருடம் மெல்லிசைக் குழுவில் இருந்தேன். காலையில் மாதா கோயில் கல்யாணம் ஒன்றுக்கு வால்ட்ஸ் வாசித்துவிட்டு, மத்தியானம் கட்சிக் கூட்டத்தில் தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் அடித்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் எலக்ட்ரானிக் டிரம் பேடில் உருமிச் சத்தத்தை எழுப்பி நாலு பேரைச் சாமியாட வைத்த நாளெல்லாம் உண்டு. நாகூர்ப் பக்கம் கவ்வாலிக் கச்சேரிக்கு டோலக் வாசிக்க ஆள் வராவிட்டால் எனக்குத்தான் போன் வரும். எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. பெண் என்ன டிரம்ஸ் வாசிப்பது என்று கேட்டவர்களுக்கும் வாயால் பதில் சொன்னதில்லை.

இப்போது மூன்று வருடமாகப் புதுச்சேரியில் ஒரு ஜாஸ் குழுவில் இருக்கிறேன். பியானோ, ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ், நான். மூன்றே பேர். சென்னையில் வாசித்துவிட்டோம், பெங்களூரில் வாசித்துவிட்டோம், கொச்சியில் மழையில் நனைந்த மேடையில் வாசித்துவிட்டோம். சொல்லும்போதே கை பரபரக்கிறது. ஆனால் இதெல்லாம் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, ஒரே மதியத்தில் முடிவான விஷயம். அந்த மதியத்தின் முதல் பாதியில் என் வாழ்க்கையிலேயே பெரிய அவமானத்தைப் பட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

முதலில் மெல்லிசைக் குழுவின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே சட்டம்தான்: ரெக்கார்டு மாதிரி இருக்க வேண்டும். பாட்டு சினிமாவில் எப்படி வந்ததோ அப்படியே மேடையில் வர வேண்டும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு சின்ன உருட்டல் இருந்தால் அந்த உருட்டல் இருந்தாக வேண்டும். கச்சேரி முடிந்ததும் யாராவது மேடைப் பக்கம் வந்து, "அப்புடியே ரெக்கார்டு போட்ட மாதிரியே இருந்துச்சும்மா" என்று சொன்னால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவு சந்தோஷம். இதற்காகவே நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கே என்ன அடி என்று, எனக்கு மட்டும் புரிகிற எழுத்தில்.

பகலில் நான் பார்க்கிற வேலையும் அந்த மாதிரிதான். பத்திரம் எழுதுகிற அலுவலகம் ஒன்றில் நகல் சரிபார்க்கிறேன். காரைக்காலில் இன்னமும் பிரெஞ்சில் எழுதிய பழைய சொத்துப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் மூலத்தில் இருக்கிற ஒரு புள்ளி நகலில் விட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். இந்தப் புத்தியோடுதான் ஜாஸுக்குள் காலை வைத்தேன்.

எப்படி வைத்தேன் என்றால், ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில். நகரத்தில் ஒரு தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு நான் டிரம்ஸ். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று பாதிரியார் முகத்தைச் சுளித்ததால் குச்சியை வைத்துவிட்டு, கம்பிப் பிரஷ்ஷை எடுத்து மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. புதுச்சேரிக்காரி, உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தாள். பியானோ வாசிக்கிறவள்.

"அக்கா, எங்க குழுவுல டிரம்ஸ் வாசிக்கிறவரு கனடாவுக்குப் போறாரு. நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எங்களோட வாசிச்சுப் பாக்குறீங்களா? ஜாஸ்."

"ஜாஸ்னா எனக்குத் தெரியாதேம்மா."

"இப்ப வாசிச்சீங்களே, அதுல பாதி அதுதான்" என்று சொல்லிவிட்டு, தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொடுத்து என் நம்பரை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வந்தது. கீழே ஒரே வரி: "இதைக் கேட்டுட்டு வாங்க அக்கா."

நான் உடனே கேட்கவில்லை. பொங்கல் சமயம், நிகழ்ச்சி நெருக்கடி. அந்தப் பொங்கல் நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்னால்தான் எங்கள் குழுவை நடத்துகிற அண்ணன் ஒரு காரியம் செய்தார். தலத்தெருவில் அவர் வீட்டு மாடியில்தான் எங்களுக்கு ஒத்திகை. ஒத்திகைக்குப் போனால் கீபோர்டில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. பாட்டை ஆரம்பித்தார், தாளம், டிரம்ஸ் எல்லாம் அதிலேயே ஓடியது. நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"இனிமே எல்லாம் டிராக்லதான் தங்கச்சி. சவுண்டு சுத்தமா வருது. நீ ஒண்ணும் கவலப்படாத, நீ எப்பவும் போல உக்காரு. ஒன் மைக்க மட்டும் கொறைச்சு வச்சிடுவோம். சும்மா மேல கொட்டிக்கிட்டு இரு, பாக்குறவங்களுக்கு நல்லாருக்கும்."

பார்க்கிறவர்களுக்கு நல்லாயிருக்குமாம்! பொங்கல் நிகழ்ச்சி முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அடிப்பதை நிறுத்தினால்கூடப் பாட்டு நிற்கவில்லை. இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கியதும் அண்ணனிடம் போய், "அண்ணே, எனக்குப் புதுச்சேரில ஜாஸ் குழுவுல எடம் கெடச்சிருச்சு, இனிமே நான் வரல" என்று சொல்லிவிட்டேன். இடமாவது, கிடைத்ததாவது! கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும். வரிச்சிக்குடியில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. அந்த ஞாயிறு தோற்றால் எனக்குத் திரும்பிப் போக இடமில்லை. போனாலும் மைக்கைக் குறைத்து வைத்து உட்கார வைப்பார்கள். அப்படி உட்காருவதற்கு வாசிக்காமலே இருந்துவிடலாம்.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைக் கேட்டேன். ஆறு நிமிடமும் சொச்சமும். ஏதோ ஒரு ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் வாசித்தது. கிளாஸ் உரசுகிற சத்தம்கூட விழுகிறது. பியானோ, பேஸ், டிரம்ஸ். முதல் தடவை ஒன்றுமே புரியவில்லை. இரண்டாவது தடவை உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிம்பல் தட்டு 'டிங்… டிங்கடிங்… டிங்கடிங்' என்று நடந்துகொண்டே இருக்கிறது, அதற்கு நடுவில் இடது கை தனக்கு இஷ்டப்பட்ட இடத்தில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. கால் ஒரு பக்கம் பேசுகிறது. இப்படியும் வாசிக்கலாமா! பதினான்கு வருடமாக எனக்கு யாரும் சொல்லவேயில்லையே!

உடனே புது நோட்டு வாங்கினேன். இருபது நாள் இருந்தது. தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் போனில் சத்தமாகப் போட்டு ஒவ்வொரு தாளச் சுற்றாக நிறுத்தி நிறுத்தி எழுதினேன். கடைசிப் பகுதியில் பியானோ நாலு சுற்று வாசித்துவிட்டு நிறுத்தும், டிரம்ஸ் நாலு சுற்று பதில் சொல்லும், மறுபடி பியானோ. கேள்வியும் பதிலும் மாதிரி. அந்தப் பதில்களை எழுதவே ஐந்து நாள் ஆயிற்று. நோட்டு நிறைந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது நாலாவது நிமிடம் தாண்டி வருகிற ஒரு இடம். 'டொக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே 'கடகட'. அதன்பின் சிம்பல் இரண்டு சுற்று வாயை மூடிக்கொள்ளும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஆரம்பிக்கும். என்ன ஒரு கற்பனை! அந்த டிரம்மரை நினைத்து நினைத்து வியந்தேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுப்புவது என்று கண்டுபிடிக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. குச்சியின் தலையால் ஸ்நேர் என்கிற முன் டிரம்மின் விளிம்பில் ஒரு தட்டு, உடனே அதே குச்சியை சிம்பல் நிற்கிற கம்பியில் உருட்ட வேண்டும். அச்சு அசலாக வந்தபோது நான் எழுந்து குதித்தேன்.

வீட்டுக்காரருக்கும் அந்தப் பாட்டு முழுக்கப் பாடம் ஆகிவிட்டது. சம்பா அறுவடை நேரம். வயலில் நின்று மெஷின்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார், போனை வைத்ததும் அந்த பேஸ் பகுதியை 'தூம் தூம்' என்று முனகுவார். 'டொக், கடகட' வருகிற இடத்தில் சரியாக நாக்கால் சத்தம் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அவரும் கூட வந்தார். "மெஷினு திங்கக்கெழமதான் வரும்னுட்டான். நானும் வந்து கேக்குறேன், இவ்வளவு நாளு துண்டு துண்டாத்தானே கேட்டுருக்கேன்" என்றார்.

விடியற்காலைப் பேருந்து. என் ஸ்நேர் டிரம்மைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். தரங்கம்பாடி தாண்டும்வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிதம்பரம் வரும்போது பார்க்காமலே சொல்ல வந்துவிட்டது. கடலூரில் டீ குடிக்கும்போது கை தானாக கிளாஸில் தட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம்கூட பயமில்லை. இந்தப் பாட்டை இந்தியாவிலேயே என்னைப் போல வாசிக்க ஆள் கிடையாது என்று நிச்சயமாக நம்பினேன். உண்மையும் அதுதான், வேறு யார் அப்படி வாசிப்பார்கள்!

அது நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வீடு; உணவகமாக்கியிருந்தார்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஜாஸ். பேஸ் வாசிக்கிறவர் பெரிய உருவம், காலையில் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பியானோக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மறைக்காம சொல்லிடறேன். அடுத்த வாரம் சென்னைலேருந்து ஒருத்தரு வர்றாரு. ரெண்டு பேரு வாசிச்சதையும் வச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றாள். நான் பெருந்தன்மையாக, "அதனால என்னம்மா" என்றேன். அந்தச் சென்னைக்காரருக்காகக் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தேன்.

முதல் பாட்டே அதுதான். ஆரம்பித்தோம். முதல் ஒரு நிமிடம் சொர்க்கம். பிறகு பியானோ வேறெங்கோ போகத் தொடங்கியது. ரெக்கார்டில் அப்படிப் போகாது. இந்தப் பெண் பாட்டைச் சரியாகப் படிக்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சரி, நாம் நம் பங்கைச் சரியாகச் செய்வோம், மானம் காப்பாற்றப்படட்டும் என்று நோட்டில் எழுதியபடியே போனேன். ரெக்கார்டில் பியானோ உச்சத்துக்குப் போகிற இடத்தில் நானும் தடதடவென்று ஏறினேன். இவளோ அந்த நேரம் ஒரே ஒரு விரலால் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மேசையில் ஒருவர் தேக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நாலாவது நிமிடம் தாண்டியது. 'டொக்', 'கடகட', அப்புறம் இரண்டு சுற்று மௌனம். பின்வரிசையில் வீட்டுக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டுவது தெரிந்தது. பியானோ ஒரு நொடி திகைத்து நின்று, அப்புறம் ஓடியது. கடைசியில் கேள்வி பதில். அவள் கேட்டது ஒன்று. நான் சொன்னது அத்தனையும் ரெக்கார்டில் அந்த இன்னொரு பியானோக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அதன் பின் மூன்று பாட்டு எளிமையானவை. சிம்பலை மட்டும் நடக்கவிட்டு ஒப்பேற்றினேன். முதல் பாதி முடிந்து அரை மணி இடைவேளை. சமையலறைப் பக்கத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என்னைப் பாராட்டப் போகிறார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

பியானோக்காரப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அந்த மொதப் பாட்டுல… நீங்க யாருக்கு வாசிச்சீங்க?"

"யாருக்குன்னா? நீங்க அனுப்புன ரெக்கார்டுல அப்புடித்தான் இருக்கு. ஒரு அடி மாறல. நீங்கதான் வேற எங்கியோ போயிட்டீங்க."

அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "முழுசா மனப்பாடம் பண்ணிட்டீங்களா? நான் சும்மா இந்த மாதிரி இருக்கும்னு காட்டத்தான் அனுப்பிச்சேன்."

"அந்த 'கடகட'கூட விடல" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

அப்போதுதான் பேஸ்காரர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "அது அவரு கையிலேருந்து குச்சி கீழ விழுந்த சத்தம்ங்க. வேற குச்சி எடுக்குற வரைக்கும் சிம்பல் நின்னுருக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, மாவு ஒட்டிய முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தலையில் தீப்பிடித்தது. எங்கோ ஒரு ஊரில் ஒரு மனிதர் குச்சியைத் தவறவிட்டிருக்கிறார். அதை நான் இரண்டு சாயங்காலம் பழகி, கம்பியில் உருட்டி, அச்சு அசலாக… பஸ் ஏறி வந்து… கும்பிடு வேறு போட்டேன்! "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? 'கேட்டுட்டு வாங்க'ன்னு ஒத்த வரில அனுப்புனா என்னன்னு நெனைக்கிறது? ரெண்டாவது பாதிக்கு என்ன பாட்டு? பேரச் சொல்லு, அதையாவது இப்பக் கேட்டுடறேன்." நீங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை நீ என்று சொல்லிவிட்டது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அவள் கோபப்படவில்லை. "பேரே கெடையாதுக்கா. நான் ஆரம்பிப்பேன். என்ன வருதோ அதுதான். நீங்களும் அப்புடியே வாங்க."

நான் விடுவிடுவென்று வெளியே போய் வீட்டுக்காரரைத் தேடினேன். மூலை மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "எந்திரிங்க, ஊருக்குப் போவலாம்" என்றேன். பதினான்கு வருடம் வாசித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, எனக்குப் பார்த்து எழுதத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது என்று தோன்றியது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். "இப்பத்தான் மீன் சொல்லிருக்கு. வாசிக்கிறவங்க வீட்டு ஆளுன்னு ஓட்டல்காரங்களே தர்றோம்னாங்க. சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா நல்லாருக்காது. மீனு வரட்டும், தின்னுட்டுப் போவலாம்" என்றார்.

மனைவியின் உலகம் இடிந்து கிடக்கிறது, இவருக்கு மீன்! அங்கேயே நின்றால் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன், வெளியே போனால் இவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். உட்கார ஒரே இடம்தான் இருந்தது, டிரம்ஸுக்குப் பின்னால். அதில் போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் அந்த இரண்டாவது பாதி நடந்தது.

அவள் ஒரு சுரத்தை அழுத்தினாள். விட்டாள். இன்னொன்று. எங்கும் அவசரமில்லை. நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். எழுதி வைத்தது எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். பேஸ் சேர்ந்தது. நானும் மெதுவாக நடையைப் போட்டேன். வெறும் நடை, கொஞ்சமும் உயிரில்லாமல். அப்போது திடீரென்று பியானோ அரை அடி முன்னால் குதித்து விழுந்தது. என் கை, என்னைக் கேட்காமலே, ஒரு சின்ன உருட்டலில் அந்த இடைவெளியை மூடி, அவள் விழுந்த இடத்தில் தாளத்தைக் கொண்டுபோய் வைத்தது.

இது எனக்குத் தெரியும்! இது பட்டினச்சேரி!

பட்டினச்சேரித் திருவிழாவில் ஒருமுறை விசைப்படகு முதலாளி ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். நன்கொடை கொடுத்தவர், யார் தடுப்பது? பாட ஆரம்பித்தார். முதல் சரணத்தின் பாதியில் வரி மறந்து, பல்லவியின் நடுவில் குதித்தார், அதுவும் அரை அடி முன்னால். கீபோர்டு நின்றுவிட்டது. நான்தான் ஒரு உருட்டலைப் போட்டு அவரைத் தாங்கி, தாளத்தை அவர் காலடிக்கு நகர்த்தினேன். மறுபடி தாவினார், மறுபடி பிடித்தேன். அவர் பாடியதுதான் சரி, பாட்டே அப்படித்தான் என்று ஊர் நம்புகிறவரை விடவில்லை. அவருக்கு விசில் பறந்தது. இந்த மாதிரி வருடத்துக்கு இருபது பேராவது மேடை ஏறுவார்கள்: மாப்பிள்ளையின் மாமன், வட்டச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அத்தனை பேரையும் பிடித்திருக்கிறேன். அதை நான் வாசிப்பு என்றே எண்ணியதில்லை. வேலை கெட்டுப்போகாமல் ஒட்டுப்போடுவது என்றுதான் எண்ணியிருந்தேன். என் நோட்டுகளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது, அதை எழுதவும் முடியாது.

சரி, இந்தப் பெண்ணும் வரி மறந்த படகு முதலாளிதான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். விடக்கூடாது. அவள் எங்கே குதித்தாலும் நான் கீழே இருக்க வேண்டும். அவள் பின்வாங்கினாள், நான் சிம்பலைத் தளர்த்தி இடம் விட்டேன். ஒரு பாதி வாக்கியத்தைத் தொங்கவிட்டாள், மீதியை நான் ஸ்நேரில் முடித்தேன். அவள் சட்டென்று தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே இன்னொரு தாவல். பிடித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேஸ்காரர் "ஹ்ம்" என்றார், அது சந்தோஷம் என்று எப்படியோ புரிந்தது. குச்சிக்கு மாறினேன். வேகம் ஏறியது. வியர்வை கண்ணில் இறங்கியது. யாரும் எந்த ரெக்கார்டு மாதிரியும் வாசிக்கவில்லை, யாருக்கும் அடுத்தது என்னவென்று தெரியவில்லை, ஆனாலும் மூன்று பேரும் ஒரே இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தோம்.

அப்போது ஒரு துணிச்சல் வந்தது. நான் குதித்தேன். அவள் தாவவில்லை, நானேதான். நடை போய்க்கொண்டிருந்த இடத்திலிருந்து சம்பந்தமில்லாத ஒரு இடத்துக்கு, யாரையும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு கணம் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். பியானோ வந்து என்னைப் பிடித்தது. பேஸ் அதற்கும் கீழே வந்து நின்றது. நான் செய்ததுதான் சரி, பாட்டே அப்படித்தான் என்பது போல.

பதினான்கு வருடமாக நான்தான் எல்லாரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை. வாசித்துக்கொண்டே அழுதேன். வெட்கமாக இல்லை.

எவ்வளவு நேரம் வாசித்தோம் என்று தெரியாது. முடிந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமலே தட்டினார்கள். பியானோக்காரப் பெண் எழுந்து வந்து, வியர்வையைப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள். "சென்னைக்காரருக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்க்கா" என்றாள். பேஸ்காரர் என் ஸ்நேர் டிரம்மைப் பெட்டியில் வைத்து, அவரே தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினார்.

மூன்று மணிப் பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கடலூர் தாண்டியதும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒண்ணு வாசிச்சியே, நடுவுல எல்லாத்தையும் விட்டுட்டு எங்கியோ போயிட்டு வந்தியே, எனக்கு மீன் முள்ளே தொண்டையில நின்னுருச்சு. அத ஒருதரம் தட்டிக் காட்டு."

முன் சீட்டின் கம்பியில் விரலை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறு நிமிடப் பாட்டை அடி பிசகாமல் வைத்திருந்த கைக்கு, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தானே வாசித்தது தெரியவில்லை.

"மறந்துபோச்சுங்க" என்றேன்.

"நீயா மறந்த?" என்று கேட்டுவிட்டு, நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.

சிதம்பரத்தில் பேருந்து நின்றபோது போனில் அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு வந்துடுங்க அக்கா. இன்னைக்கு ரெண்டாவது பாதி முழுக்க பேஸ் அண்ணன் போன்ல ரெக்கார்டு பண்ணிருக்காரு. அனுப்பட்டுமா?"

எனக்குக் கேட்க வேண்டும் போல அப்படி ஒரு ஆசை. பேருந்து புறப்படுகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டினேன்.

"வேண்டாம்மா. அழிச்சிடச் சொல்லு. அனுப்பினா மனப்பாடம் பண்ணிடுவேன்."